ஒரு ஃபுல், நாலு குவாட்டர், 12 வருஷம்

போன மாதம் ஒரு புதன்கிழமை, பதினோரு மணி டீக்கு முன்னாலேயே எங்கள் நீதிமன்றத்தில் நாற்பது வழக்குகளாவது முடிந்திருக்கும். வாதம் நடந்து, சாட்சி சொல்லி, தீர்ப்பு எழுதி முடிந்தவை அல்ல. பெஞ்ச் கிளார்க் எண்ணை வாசிப்பார். டபேதார் வராண்டாவுக்குப் போய்ப் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். வேப்பமரத்தடியில் ஜாமீன் போட வந்து காத்திருக்கும் கூட்டம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்ளும். "ஆஜரில்லை" என்று உள்ளே வந்து சொல்வார். நடுவர் கட்டைப் புரட்டி இரண்டு வரி சொல்வார். அடுத்த எண். அத்தனையும் மதுவிலக்கு வழக்குகள். அதிலும் சில்லறை: ஆற்றங்கரையில் உட்கார்ந்து குடித்தது, பையில் இரண்டு பாட்டில் வைத்திருந்தது, காந்தி ஜெயந்தி அன்று பெட்டிக்கடைக்குப் பின்னால் குவாட்டர் விற்றது. சில கட்டுகளில் தூசியைத் தாண்டிக் கறையானே வந்திருந்தது.

நான் வேறொரு வழக்குக்காக உட்கார்ந்திருந்தேன். செக் மோசடி வழக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவன், டபேதார் கூப்பிட்ட ஒரு பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். ஊர் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், அதனால் சந்தேகமே இல்லை. அந்த ஆளை எனக்குத் தெரியும். அவர் அன்றைக்கு வராண்டாவில் இல்லாததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

2013 தீபாவளி சனிக்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது இது. அந்த வருஷம்தான் அவர் தங்கைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வருகிறார். டெல்டாவின் கடற்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாப்பிள்ளைக்கு மோதிரம், வேட்டி, பட்டாசோடு சேர்த்து இன்னொன்றும் வாங்கி வைப்பது வழக்கம். அதை வாங்க எல்லோரும் போவது காரைக்காலுக்கு. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. வரி குறைவு, விலை குறைவு, வகை அதிகம். அங்கே சாராயக்கடைகூட அரசு அனுமதியோடு நடக்கிறது. தமிழ்நாட்டில் சாராயத்தையும் கள்ளையும் 1987 முதல் ஒழித்தாயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளாஸ் சாராயம் சாயங்கால வழக்கம், இந்தப் பக்கம் அதே கிளாஸ் குற்ற எண். பாலத்தின் நீளம் ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட இல்லை.

இவருக்கு அப்போது 24 வயது. மாமாவின் டி.வி.எஸ். 50-ஐ இரவல் வாங்கிக்கொண்டு போனார். ஒரு ஃபுல், நாலு குவாட்டர். முன்பக்கம் மாட்டியிருந்த துணிப்பையில், மேலே இரண்டு கிலோ மைதாவை வைத்து மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எல்லைச் சோதனைச்சாவடியில் பையைத் தூக்கிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மைதா சத்தம் போடாது இல்லையா.

முதல் தகவல் அறிக்கையை நான் பிற்பாடு படித்தேன். இந்த மாதிரி அறிக்கைகளை நூற்றுக்கணக்கில் படித்தவன் என்பதால் சொல்கிறேன், மதுவிலக்கு வழக்குக்கென்று ஓர் உரைநடை இருக்கிறது. 'ரகசியத் தகவலின் பேரில் காவலர்களுடன் ரோந்து சென்றபோது, சந்தேகத்துக்கிடமான முறையில் பையுடன் வந்தவர் எங்களைக் கண்டதும் தப்பி ஓட முயல, அவரை வளைத்துப் பிடித்து…' இவர் ஓடவே இல்லை. டி.வி.எஸ். 50-ல் உட்கார்ந்துகொண்டு எங்கே ஓடுவது? ஆனால் அந்த வாக்கியத்தில் எல்லோரும் ஓடியாக வேண்டும். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் 'முட்புதருக்குள் தாவி ஓடியதாக' நான் படித்திருக்கிறேன். கோல் ஊன்றி வந்து கூண்டில் நின்றார்.

காவல் ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். எனக்கு அது பழகிப்போய்விட்டது. முதல் தடவை தன்னைப் பற்றிப் படிக்கும் ஆளுக்கு அப்படி இருக்காது. 'மேற்படி எதிரி' என்ற இடத்தில் விரலை வைத்து, "யாருக்கு சார் எதிரி?" என்று இவர் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் அன்றைக்கே கவனித்தேன். அப்பா பேரில் இருந்த 'மூர்த்தி', அறிக்கையில் 'பெருமாள்' ஆகியிருந்தது. எழுதியவருக்கு அவசரம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஸ்டேஷன் ஜாமீனில் அன்று ராத்திரியே வெளியே வந்துவிட்டார். மாமாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். தலைதீபாவளி நடந்தது, மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லையாம். பிறகுதான் என்னிடம் வந்தார்கள். வந்தது வழக்குக்காக அல்ல, வண்டிக்காக. மாமாவுக்கு அந்த டி.வி.எஸ். 50-தான் பிழைப்பு, அதில்தான் விடியற்காலை மீன் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மனு போட்டேன். கிடைக்கவில்லை. மதுவிலக்கு வழக்கில் சிக்கும் வண்டியைப் பறிமுதல் செய்வது தனி நடவடிக்கை, அது வழக்கு முடியும்வரை காத்திருப்பதில்லை. நாளிதழில் அவ்வப்போது சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும்: மதுவிலக்கு வழக்குகளில் கைப்பற்றப்பட்ட இருசக்கர வாகனங்கள் ஏலம், வைப்புத்தொகை இவ்வளவு, நேரில் வரவும். அந்தப் பட்டியல்களில் ஒன்றில் மாமாவின் வண்டி எண்ணும் வந்தது. அதற்குள் வேப்பிலையும் மழையும் விழுந்து விழுந்து இருக்கை நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா ஏலத்துக்குப் போகவில்லை. "என் வண்டிய நானே காசு குடுத்து வாங்கணுமா தம்பி?" என்றார். பாட்டில் விவகாரத்தில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. வண்டியை இரவல் கொடுத்தார், அவ்வளவுதான்.

பாட்டில்களுக்கு வருகிறேன். ஒரு குவாட்டரை மாதிரியாக எடுத்து, அரக்கு வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஆல்கஹால் இருப்பதாக அறிக்கை வந்தது. பாட்டிலின் மேலேயே சதவீதம் அச்சிட்டிருந்த சமாசாரம்தான், ஆனாலும் சட்டத்துக்கு அறிக்கை வேண்டும், அதில் தப்பு சொல்ல முடியாது. அது வருவதற்கு ஒரு தீபாவளி கடந்து போயிருந்தது. அறிக்கை வந்த பிறகு அதிகாரி மாறினார். புது அதிகாரி கட்டைப் பார்ப்பதற்குள் அவரும் மாறினார். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்தது 2018-ல்.

இதற்குள் இவர் திருப்பூர் போய்விட்டார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாள், பிறகு கட்டிங் மாஸ்டரே. சம்மன் ஊருக்கு வந்தது. அவர் அம்மா அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இதுக்கு அவன் வரணுமா?" வரச்சொல்லுங்கள் என்றேன். ஒரு வாய்தாவுக்கு வர அவருக்கு இரண்டு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. முதல் வாய்தாவுக்கு நடுவர் விடுப்பு என்றால் இன்னொரு இரண்டு நாள். இதையெல்லாம் கணக்குப் பார்த்தாரோ, பயந்தாரோ, வரவில்லை. நானும் ஒருமுறை போன் பண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பணம் தராத கட்சிக்காரர், சின்ன வழக்கு, எனக்கு வேறு வேலை இருந்தது. இதுதான் என் பங்கு. 2019-ல் பிடிவாரண்ட் போட்டார்கள்.

அதற்கப்புறம் அவர் ஊருக்கு வருவதே நின்றுபோனது. தங்கை குழந்தைக்குக் காது குத்தியபோது வரவில்லை. மாரியம்மன் கோவில் தீமிதிக்கு வரவில்லை. ஊருக்குள் போலீஸ் ஜீப் எதற்காக வந்தாலும் அம்மா திருப்பூருக்கு போன் போட்டு "இப்ப வராத" என்று சொல்லிவிடுவார். அந்தக் கட்டை அன்றைக்கு நான் வாங்கிப் புரட்டியபோதுதான் தெரிந்தது, வாரண்ட் ஒவ்வொரு முறையும் 'மேற்படி முகவரியில் இல்லை' என்ற ஒரே வரியோடு திரும்பி வந்திருக்கிறது, பெரும்பாலும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில். யாரும் போய்த் தேடியதாகத் தெரியவில்லை. ஒரு ஃபுல்லுக்கும் நாலு குவாட்டருக்கும் திருப்பூர்வரை யார் போவார்கள்? அந்த மனுஷன் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தது, தன்னைத் தேடாத ஒருவரிடமிருந்து.

சரி, இந்த வழக்குகள் இப்படிக் கட்டுக்கட்டாக எப்படி முடிகின்றன? தள்ளுபடி, மன்னிப்பு, சலுகை என்று ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை பழைய கதவுகள்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468 என்று ஒரு பிரிவு இருந்தது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு 6 மாதம், ஒரு வருடம்வரை சிறை என்றால் 1 வருடம், அதற்கு மேல் மூன்று வருடம்வரை என்றால் 3 வருடம். அதற்குள் வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுவராவிட்டால் நடுவர் அதைக் கையில் எடுக்கக் கூடாது. தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் மன்னிக்கலாம், அதற்கும் வழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், எண் 514, விஷயம் அதேதான். எங்கள் ஆளின் வழக்கு இந்தக் கதவு வழியாகத்தான் வெளியே போனது. குற்றப்பத்திரிகை வந்தபோதே காலாவதி. அதை வாங்கி நம்பர் கொடுத்ததே தப்பு என்று ஏழு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் வாதாட ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டுமே.

இன்னொரு கதவு பழைய 258, இப்போது 281. போலீஸ் போட்ட சம்மன் வழக்காக இருந்து, அதை நடத்திப் பயனில்லை என்று தெரிந்தால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு நடுவர் அந்த நடவடிக்கையை நிறுத்திவிடலாம். மதுவிலக்கில் எல்லாப் பிரிவுக்கும் இது பொருந்தாது, சிறிய தண்டனை உள்ளவற்றுக்கு மட்டும். இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முக்கியச் சாட்சிகளை விசாரித்த பிறகு நிறுத்தினால் அது விடுதலை. அதற்கு முன்னால் நிறுத்தினால் வெறும் விடுவிப்பு. கேட்க ஒன்றுபோல இருக்கும். வேலைக்கு மனு போடும்போது தெரியும் இரண்டுக்கும் உள்ள தூரம்.

உச்ச நீதிமன்றம் இதில் ஒருமுறை தாராளமாகவே இறங்கியது. 1996-ல் காமன் காஸ் என்ற வழக்கில், சின்னக் குற்றங்களுக்கான வழக்கு இன்ன காலத்துக்கு மேல் விசாரணையே தொடங்காமல் கிடந்தால் முடித்துவிடுங்கள் என்று நாடு முழுக்க உத்தரவிட்டது. எங்கள் சீனியர் அந்த நாட்களைச் சொல்லும்போது கண் விரியும், கட்டைச் சாக்கில் கட்டி ரெக்கார்டு அறைக்கு அனுப்பினார்களாம். 2002-ல், பி. ராமச்சந்திர ராவ் வழக்கில், ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து அதை மாற்றினார்கள். இத்தனை வருஷம் ஆனால் வழக்கு தானாகச் செத்துவிடும் என்று நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, அது சட்டம் இயற்றும் வேலை என்றார்கள். ஆனால் கையில் இருக்கும் 258 போன்ற அதிகாரங்களைப் பயன்படுத்துங்களேன் என்றும் சொன்னார்கள். ஆக, மொத்தமாகக் கொட்டக் கூடாது, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும். ஒரு காலை நேரத்தில் நாற்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்பது எப்படி என்பது வேறு கதை. நான் பார்த்த நடுவர் நிஜமாகவே ஒவ்வொரு கட்டையும் திறந்து தேதியைப் பார்த்தார். அதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கதவு இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயேன்" என்று எங்கள் வராண்டாவில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது பத்துப் பேருக்குச் சொல்வார்கள். வக்கீல், ஏட்டு, குமாஸ்தா, டீக்கடைக்காரர்கூடச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன், பல வருஷம், பல பேருக்கு. நியாயமும் இருக்கிறது: 500 ரூபாயோடு இன்றைக்கே முடியும், வாய்தாவுக்கு அலைந்தால் அதைவிட அதிகம் போகும். ஆனால் அப்படி முடிவது விடுதலையும் இல்லை, விடுவிப்பும் இல்லை. அது தண்டனை. சிறைக்குப் போகாத, 500 ரூபாய்த் தண்டனை.

அப்படி நான் ஒத்துக்கொள்ளச் சொன்ன பையன்களில் ஒருவன், கல்லூரி இரண்டாம் ஆண்டு, நண்பர்களோடு கொள்ளிடக்கரையில் பீர் குடித்தபோது பிடிபட்டவன். அபராதம் கட்டிய அன்று எனக்கு நன்றி சொல்லி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். மூன்று வருஷம் கழித்து இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டிவிட்டான். முன்நடத்தை விசாரணையில் இது வந்து நின்றது. காவல் பணி விதிகள் கடுமையானவை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தால்கூட, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் அவை கருதும். இவனோ ஒத்துக்கொண்டவன். "நீங்கதானே சார் கட்டச் சொன்னீங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறான், என்னைப் பார்த்தால் ஹாரன் அடிப்பான். ஒவ்வொரு ஹாரனும் எனக்கு அந்த 500 ரூபாய் ரசீதைக் காட்டும்.

அன்றிலிருந்து யாராவது கேஸ் முடிந்துவிட்டது என்று சொன்னால், எப்படி முடிந்தது என்று கேட்பேன். பெரும்பாலோருக்குத் தெரியாது. முடிந்ததா, முடிந்தது, அவ்வளவுதான் அவர்களுக்கு. பட்டியல் போட்டு வழக்குகளை முடிக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள ஒரே குறை இதுதான். கட்டு முடிகிறது. அந்தக் கட்டில் பெயர் உள்ளவருக்கு ஒரு வரி போவதில்லை. சம்மன் அனுப்ப முகவரி இருந்தது, வாரண்ட் அனுப்ப முகவரி இருந்தது, முடிந்தது என்று சொல்ல மட்டும் முகவரி இல்லை.

'குடிகாரனுக்கெல்லாம் இவ்வளவு பரிவா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, சட்டத்தின் பெயரையே பாருங்கள் என்பதுதான். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, அந்த வருஷம் அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். மதுவிலக்கு பிறகு போனது, வந்தது, மறுபடி போனது: 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1981-ல் மீண்டும் திறந்தன. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். இன்றைக்கு அந்தக் கடைகளிலிருந்து அரசுக்கு வருவது வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கும் மேல். கடைக்கு உரிமம் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ், அந்தக் கடையில் வாங்கியதை எதிர்த் தெருவில் நின்று குடித்தால் வழக்கும் அதே சட்டத்தின் கீழ். இதில் பரிவு காட்ட வேண்டியது யாருக்கு என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

விஷச் சாராயம் காய்ச்சுகிறவனையும் இதோடு சேர்த்துப் பேசக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி வாங்கும் சாராயத்துக்கு ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள். சரிதான். ஆனால் அந்த மாதிரி வழக்கை நடத்தவும் ஆய்வக அறிக்கை வேண்டும், ஏட்டு வேண்டும், கோர்ட்டில் நேரம் வேண்டும். மைதாவுக்கு அடியில் இருந்த நாலு குவாட்டர் அந்த வரிசையில் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

பீகாரில் 2016-ல் முழு மதுவிலக்கு கொண்டுவந்தபோது என்ன ஆனது என்பதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டத்தால் உயர் நீதிமன்றம் ஜாமீன் மனுக்களில் திணறுகிறது என்று அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா 2021 டிசம்பரில் விஜயவாடாவில் வெளிப்படையாகவே பேசினார். அடுத்த வருஷமே அங்கே சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை குடித்துப் பிடிபட்டவரை அபராதத்தோடு விட்டார்கள். நம் ஊரில் அவ்வளவு தடபுடல் இல்லை. இங்கே எல்லாம் மெதுவாகக் கட்டி, மெதுவாக மறக்கப்படும்.

அன்று சாயங்காலம் அலுவலகம் வந்ததும் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். அம்மாவின் எண் வேலை செய்யவில்லை. நேரில்தான் போனேன். மகன் வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு, என்னமோ ஏதோ என்று நின்றுகொண்டே இருந்தார். வழக்கு முடிந்துவிட்டது என்றேன். "ஜெயிலா தம்பி?" என்று கேட்டார். இல்லம்மா, ஒன்றுமே இல்லை, விட்டுவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இதச் சொல்ல அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்களா?" என்றார். எட்டு கிலோமீட்டர்தான்.

மகனை போனில் பிடித்துக் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. தலையில் நரை விழுந்திருக்கும் இந்நேரம் என்று நினைத்துக்கொண்டேன், 36 வயது ஆயிற்றே. கடைசியில் அவர் கேட்டது, "சார், மாமா வண்டி?" வண்டி போய் எட்டு வருஷம் ஆகிறது என்றேன். "அப்ப அதுக்கு யாரும் எதுவும் தரமாட்டாங்களா?" தரமாட்டார்கள் என்றேன். "சரிங்க சார்" என்றார். அப்புறம், "அப்பா இறந்தப்ப ராத்திரி மூணு மணிக்கு வந்துட்டு, விடியறதுக்குள்ள கெளம்பிட்டேன் சார்" என்றார். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். அது எனக்கு அதுவரை தெரியாது. அந்த வாரண்டை யாருமே தேடவில்லை என்பதை அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லவில்லை.

பேப்பர் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். கையில் வைத்துக்கொள்ள ஒரு பேப்பர். மறுநாளே நகல் மனு போட்டேன், இந்தத் தடவை கட்டணம் என் கையிலிருந்து. பத்து நாளில் உத்தரவின் நகல் வந்தது. ஒன்றரைப் பக்கம், முத்திரை, சுருக்கொப்பம், எல்லாம் சரியாக இருந்தது. மேலே எதிரியின் பெயர், அதற்குக் கீழே த/பெ. என்று போட்டு அப்பா பெயர். 'பெருமாள்'.

ஆதார் அட்டையில் 'மூர்த்தி'. நாளைக்கு ஸ்டேஷனில் யாராவது இந்தத் தாளை வாங்கிப் பார்த்து, இது நீ இல்லையே என்று சொன்னால் அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. 2013-லேயே நான் பார்த்த பிழைதான். திருத்தக் கோரி மனு போட்டிருக்கிறேன். விசாரிக்க 18-ஆம் தேதிக்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வருகிறேன் சார் என்கிறார். ஊரைப் பகலில் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டதாம்.